எஞ்சின் அணையும் வரை

எங்கள் கேட்டில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று காகிதத்தில் வந்தது. அதை டிரைவர்களுக்குப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மற்றொன்றை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாததாலேயே அதை மீற யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அப்பா செத்துப்போன அந்த இரண்டு நாளில் இரண்டு சட்டமும் கைகோத்துக்கொண்டு எங்கள் குடும்பத்தை ஆட்டி வைத்தன. எந்தச் சட்டத்தின் மேல் கோபப்படுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டின் மேலும் கோபப்படுகிறேன்.

ரங்கூனில் சரக்கு லாரிகள் வந்து நின்று, இறக்கி, ஏற்றி, மறுபடி புறப்படும் இடத்தைத்தான் கேட் என்போம். எங்கள் கேட் ஷ்வேப்யிதா தொழிற்சாலைகளின் ஓரத்தில் இருந்தது. தகரக் கூரை, நாலு மேசை, ஒரு டெலிபோன், வாசலில் ஒரு டீக்கடை. நான் அங்கே ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். என் அண்ணன் மாந்தலே வண்டி ஓட்டினார். அவர் சொல்லித்தான் எனக்கு வேலை கிடைத்தது. அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை, நாங்கள் சண்டை போட்ட நாட்களைத் தவிர. சண்டை போடாத நாட்கள் குறைவு.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். மாந்தலேக்குப் போகும் புது நெடுஞ்சாலை அப்போது இல்லை. பெகு, டவுங்கூ வழியாகக் குண்டும் குழியுமான பழைய ரோடுதான். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் சரக்கை எங்கள் லாரிகளில் அனுப்ப ஒத்துக்கொண்டது. சரக்கோடு சேர்த்துச் சட்டத்தையும் அனுப்பியது. ஒரு டிரைவர் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. நடுவில் வண்டியை நிறுத்தி இளைப்பாற வேண்டும். பத்து மணி நேரம் முடிந்துவிட்டால் தொடர்ச்சியாக எட்டு மணி நேரம் படுக்க வேண்டும். இத்தனையும் ஒரு தாளில் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்துக் காட்ட வேண்டும். ஓட்டியது ஒரு வரிசை, ஓட்டாமல் வேலை பார்த்தது ஒரு வரிசை, ஓய்வு ஒரு வரிசை, தூக்கம் ஒரு வரிசை.

எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட இங்கிலீஷ்தான். ஆனால் ஆலை இல்லாத ஊரில் நான்தான் சர்க்கரை. கேட்டின் தலைவர் ஒரு பெரியவர், பர்மியர். எல்லாருக்கும் அவர் ஸயா, வாத்தியார். அவர் டிரைவர்களை எல்லாம் டீக்கடையில் உட்கார வைத்து, "இந்தப் பொண்ணு சொல்றதைக் கேளுங்க" என்றார். அன்றிலிருந்து அந்தத் தடியன்கள் என்னை ஸயாமா, டீச்சரம்மா, என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியாதைக்காக இல்லை, கிண்டலுக்கு.

பாடம் நடத்துவது அவ்வளவு லேசாக இல்லை. சோதனைச் சாவடியில் அரை நாள் வரிசையில் நின்றால் அது வேலையா ஓய்வா என்று ஒருவர் கேட்டார். வேலை, ஏனென்றால் வண்டியை விட்டுப் போக முடியாது, என்றேன். சரக்கு ஏற்றும்வரை காத்திருப்பது? அதுவும் வேலை. வெற்றிலை மெல்லுவது? ஓட்டிக்கொண்டே மென்றால் ஓட்டுவது, நிறுத்திவிட்டு மென்றால் ஓய்வு. வழியில் மாமியார் வீட்டில் இறங்கிச் சாப்பிட்டால்? அது மாமியாரைப் பொறுத்தது என்று நான் சொன்னதும் டீக்கடையே சிரித்தது. கடைசியாக ஒரு டிரைவர் எழுந்து, "படுத்தேன், தூக்கம் வரலை. அப்போ என்ன எழுதுறது?" என்று கேட்டார். நான் தாளை மேலும் கீழும் பார்த்தேன். அதற்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை. படுத்தாலே தூக்கம் என்றுதான் கோடு போடவேண்டும், மனசுக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது, என்று சொல்லி வைத்தேன்.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் ஒருவர்தான் சிரிக்காமல் போட்டார். அதற்குக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் அவரோடு ஜோடியாக ஓட்டியவர் மோல்மீன்காரர் ஒருவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து இட்லியில் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். தன் மகனுக்குப் புத்தச் சாமியார் அங்கி போர்த்தும் சடங்குக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று அவர் தூங்காமல் ஓட்டினார். நான் ஓட்டுகிறேன் என்று அண்ணன் சொன்னதற்கு, நீ தூங்கு, எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை, என்றாராம். வண்டி ஒரு புளியமரத்தில் மோதியது. பின்னால் படுத்திருந்த அண்ணனுக்குக் கால் முறிந்தது. முன்னால் இருந்தவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணன் கொஞ்சம் சாய்ந்து நடந்தார். தூக்கத்தைப் பற்றி யாராவது விளையாட்டாகப் பேசினால் எழுந்து போய்விடுவார்.

அந்த விபத்துக்குப் பிறகு அப்பாவும் மாறிப்போனார். அவர் போட்டாதாங் ஜெட்டியில் கப்பல் சரக்கு இறக்கும் விஞ்ச் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஜெட்டிக்குப் பின்னால் இருந்த வீட்டிலேயே இருந்தோம். மகன் ரோட்டில் இருக்கிறான் என்றால் அவருக்குப் படுக்கை கொள்ளாது. எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பார். நான் அந்தப் புதுச் சட்டத்தைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எட்டு மணி நேரம் கட்டாயம் தூங்கணுமா? எழுதி வேற காட்டணுமா? எந்த மகராசன் போட்ட சட்டமோ, அவன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அப்பா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் வயதுக்காரர்கள் பலர் பிள்ளைகளைத் தாய்லாந்துக்கும் மலேயாவுக்கும் அனுப்பிவிட்டு, கடைசியில் யாரோ கொள்ளி வைக்கப் போய்ச் சேர்ந்தார்கள். அப்படி ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கெல்லாம் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "நீ எங்க வேணா ஓட்டு. எனக்கு மட்டும் உன் கையால நெருப்பு வை. அது போதும்" என்பார். அண்ணன் தலையாட்டுவார். அம்மா முன்னாலேயே போய்விட்டாள். ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். எனக்கு அந்த உரிமை கிடையாது, கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

இனி எழுதாத சட்டம். ரோட்டில் இருக்கும் டிரைவரிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. வண்டி கேட்டுக்குள் வந்து எஞ்சின் அணைந்த பிறகுதான் சொல்ல வேண்டும். அது வரைக்கும் ஸயா முதல் டயருக்குக் காற்றடிப்பவர் வரை எல்லார் வாய்க்கும் பூட்டு. ஒரு டிரைவரின் வீடு எரிந்து போனபோது, அவர் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துகிற வரைக்கும், மற்றவர்கள் இடது பக்கம், வலது பக்கம் என்று சிரித்த முகத்தோடு கை காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். எஞ்சின் நின்றதும் அந்த முகங்கள் மாறின. ஓட்டுகிறவன் கையில் ஒரு உயிர் மட்டும் இல்லை, எதிரே வருகிற உயிர்களும் இருக்கின்றன என்பார் ஸயா. அப்போது எனக்கு அது நல்ல வழக்கமாகத்தான் பட்டது.

அந்தத் தடவை அண்ணன் புறப்படும்போது அப்பாவுக்கு வெறும் இருமல். வெயில் காலம். ஜோடி டிரைவருக்குக் காய்ச்சல் வந்து அவர் மாந்தலேயிலேயே தங்கிவிட, அண்ணன் ஸ்பேர் என்கிற எடுபிடிப் பையனை மட்டும் வைத்துக்கொண்டு, தான் ஒருவராகவே ஓட்டித் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவர் பாதி வழியில் இருந்த அன்று காலை அப்பா எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அவன் எங்கே வர்றான், என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சாய்ந்துவிட்டார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஒப்பாரிக்கு உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. வீட்டில் போன் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துக் கேட்டுக்குப் போனேன். பெத்த அப்பன் கிடக்கிறான், இவள் எங்கே ஓடுகிறாள், என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

டவுங்கூவில் எங்கள் வண்டிகள் நிற்கும் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அங்கே போன் உண்டு. பொழுது சாயும்போது அண்ணன் அங்கே வருவார், அன்றைய பத்து மணி நேரமும் அங்கே முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். உடனே கிளம்பினால் விடிவதற்குள் வீட்டில் இருப்பார். நான் ஸயாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அப்புறம் போனை எடுத்துக் கடைக்காரரிடம் பேசினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "அவன் வந்தா சொல்லுங்க. வீட்டில் எல்லாரும் சுகம். அவசரப்பட வேண்டாம், சட்டப்படி நல்லாத் தூங்கிட்டு மெதுவா வரச் சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்தது எங்க அப்பா. சொல்லணுமா வேண்டாமான்னு நான் சொல்றேன். போனைக் குடுங்க" என்று பர்மியில் கத்தினேன். ஸயா போனின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"சொன்னா அவன் தூங்குவானா?"

"தூங்க வேண்டாம். வந்தா போதும்."

"வருவானா? அந்த மோல்மீன்காரன் வந்தானா?"

சுற்றி நின்ற டிரைவர்கள் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் நல்லவர்கள், என் அப்பாவைப் பாடை கட்டித் தூக்கத் தயாராக இருந்தவர்கள். ஆனால் அந்தப் போனை மட்டும் எடுத்துக் கொடுக்க ஒருவர் கூட இல்லை. ஸயா சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் அதிகமாக ஆத்திரப்பட்டேன். திட்டக்கூடிய வார்த்தைகளை எல்லாம் திட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் மதியம் வரை ஐஸ் பாறைகளை வாங்கி வாங்கி அப்பாவைச் சுற்றி அடுக்கினோம். வெயிலில் அது கரைந்து ஓடி வாசல் வரை வந்தது. விடியற்காலையில் டவுங்கூவில் கிளம்பியிருந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வாசலுக்கு ஓடினேன். பொழுது இறங்குவதற்குள் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், இனி வைத்திருக்க முடியாது, என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்கள் மேலும் தப்பில்லை. அப்பாவின் முகம் மாற ஆரம்பித்திருந்தது.

சித்தப்பா மகனைக் கொள்ளிக்கு நிறுத்தினார்கள். நல்ல பிள்ளை. தமிழ் சொன்னால் புரியும், பேச வராது. தலையில் தண்ணீரை ஊற்றி, ஈர வேட்டியைக் கட்டிவிட்டு, கையில் நெருப்புச் சட்டியைக் கொடுத்தார்கள். அவன் எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று பூசாரியிடம் பர்மியில் கேட்டான். பூசாரியும் பர்மியில்தான் பதில் சொன்னார். அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் எங்களுக்கு இல்லை. வீட்டைக் கழுவிவிட்டுக் குளிக்க வேண்டும். நான் குளித்தேன், தலையைக் கூடத் துவட்டாமல் மறுபடியும் கேட்டுக்கு பஸ் ஏறினேன். அண்ணன் வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும், அந்தப் பூட்டுப் போட்ட முகங்களுக்கு நடுவில் அவர் தனியாக இறங்கக் கூடாது. அவ்வளவுதான் நினைத்தேன்.

மிங்கலாடோன் பக்கமிருந்து அவர் வண்டி வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஆரன் அடித்துத் திரும்பி, கேட்டுக்குள் வந்து, வழக்கமான இடத்தில் நின்றது. வண்டியைப் பார்த்துக் கை காட்ட யாருக்கும் தெம்பில்லை. ஸயா எழுந்து நின்றார். எல்லாரும் எஞ்சின் அணைவதற்காகக் காத்திருந்தார்கள்.

எஞ்சின் அணையவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட வந்த ஸ்பேர் பையன் இறங்கி, ஒன்றும் புரியாமல், ஓரமாகப் போய் நின்றான். டீசல் புகை கேட் முழுக்கச் சூழ்ந்தது. ஸயா கூடப் பக்கத்தில் போகவில்லை. எஞ்சின் ஓடுகிற வரைக்கும் அவர் வாயைத் திறக்க முடியாதே.

நான் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் ஈரத் தலையைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே" என்றேன்.

"பேசாத. வண்டி ஓடிக்கிட்டு இருக்கு."

அப்புறம் அவரே பேசினார். "டவுங்கூவுல கடைக்காரரு சொன்னாரு. வூட்டுல எல்லாரும் சுகம், தூங்கிட்டு மெதுவா வான்னு கேட்டுலேருந்து போன் வந்துச்சாம். எத்தனை வருசமா ஓட்டுறேன் பாப்பா. வெங்காயம் வாங்கிட்டு வான்னு போன் வந்திருக்கு. வண்டி எங்க நிக்குதுன்னு வந்திருக்கு. சுகமா இருக்கோம்னு சொல்றதுக்கு ஒரு தடவ வந்திருக்கா?"

"அப்ப தெரிஞ்சிருச்சா? தெரிஞ்சுமா படுத்துக் கெடந்தே?" என்று கத்தினேன். அந்த நேரத்திலும் எனக்குக் கத்தத்தான் தெரிந்தது. "அப்பா உன்கிட்ட வேற என்ன கேட்டாரு?"

அவர் கோபப்படவில்லை. "கடை வாசல்லயே ரங்கூன் பஸ்ஸு நின்னுச்சு. வண்டிய அங்கயே போட்டுட்டு ஏறிடலாம்னு போனேன். படியில கால வச்சேன். ஏறினா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல. எறங்கிட்டேன். தாள்ல எட்டு மணி நேரம் படுன்னு போட்டிருக்குல்ல. சரி, அது சொல்லுதுன்னு லாரிக்கு அடியில தூளி கட்டிப் படுத்தேன். பொட்டுக் கண்ணு மூடல. ஆனா யாரும் இன்னும் என்கிட்ட சொல்லல. சொல்லாத வரைக்கும் அவரு இருக்காரு. காலையில கௌம்பி, வழியில எங்கெங்க நிறுத்தச் சொல்லி இருக்கோ அங்கெல்லாம் நிறுத்தினேன். நிறுத்த வேண்டாத எடத்துலயும் நிறுத்தினேன்."

கண்ணாடிக்கு முன்னால் அந்தத் தாள் இருந்தது. நான் டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே சுத்தமாக எழுதியிருந்தார். தூக்கம் என்ற வரிசையில் எட்டுக் கட்டத்துக்கும் நேராக ஒரு கோடு போயிருந்தது. நான் அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவர் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஒருவரும் நகரவில்லை. சோறு தண்ணி இல்லாமல் எத்தனை நேரம் அப்படியே இருந்திருப்போமோ தெரியாது. டீசல் தீர்ந்து வண்டி தானாக நின்றுவிட்டால் என்ன செய்வார் என்று கூட நினைத்துப் பார்த்தேன். கடைசியில் அவர் கை சாவிக்குப் போனது. போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் போனது.

எஞ்சின் அணைந்தது. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு காது அடைத்துப் போனது போல் இருந்தது. கீழே ஸயா இரண்டு அடி முன்னால் வந்தார். அண்ணன் அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லு" என்றார்.

சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக ஊரையே திட்டித் தீர்த்தவள் நான். எனக்கு வாய் எழவில்லை. கீழே நின்றவர்கள் எல்லாம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா போயிட்டாரு அண்ணே. நேத்து காலையில. நீ எங்க வர்றேன்னு கேட்டாரு. இப்பதான் கொண்டுபோனாங்க" என்றேன்.

அண்ணன் அலறினார். எல்லாம் தெரிந்து ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கழித்த மனிதர், அந்த நிமிஷத்தில்தான் முதன்முதலாகக் கேட்டவர் போல, அப்பா என்று கத்தி ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டார். ஸயாவும் டிரைவர்களும் ஓடி வந்து கதவைத் திறந்து அவரைப் பிடித்தார்கள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நான் அந்த சீட்டில் சுருண்டு விழுந்து அழுதேன். எனக்கும் அப்போதுதான் அப்பா செத்துப்போனார்.